மேட்டுப்பாளையத்தை எத்தனை மணிக்குத் தாண்டுவீர்கள்?

அக்கா கல்யாணமாகி டொராண்டோ போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. (அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் 'ரொறன்ரோ' என்றுதான் எழுதுவார்.) ஊருக்கு வருகிறோம் என்று போன் செய்யும்போதெல்லாம் அவள் முதலில் சொல்வது விமானக் கணக்குதான். "பதினஞ்சு மணி நேரம்தான்டா, நெட்டுல போட்டுப் பார்த்தேன்" என்றாள் ஒரு தடவை. பொய்யில்லை. டொராண்டோ, கோயம்புத்தூர் என்று இரண்டு ஊரையும் போட்டால் ஏறத்தாழ 13,490 கிலோமீட்டர், பதினைந்து மணி நேரச் சொச்சம் என்றுதான் விடை வரும்.

அந்தத் தடவை அவள் டொராண்டோவில் வீட்டைப் பூட்டியதிலிருந்து கோத்தகிரியில் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை நாற்பத்தொரு மணி நேரம் ஆனது. பதினைந்து எப்படி நாற்பத்தொன்று ஆனது என்று மறுநாள் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம் லண்டனிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் வந்த சொந்தக்காரர்களுக்கு அந்த நோட்டை வைத்துத்தான் வழி சொல்கிறேன். நீலகிரிக்கு வருகிற எல்லோருக்கும் அது பொருந்தும்.

அந்த 13,490 எங்கிருந்து வருகிறது

வீட்டில் பிள்ளைகளின் பந்து ஒன்றை எடுத்து, இரண்டு புள்ளி வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் குறைந்த தூரம். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்து, அந்த நூலின் நீளத்தைச் சொல்வதுதான் இணையத்தில் உள்ள தூரக் கணக்கு. டொராண்டோவிலிருந்து கோவைக்கு நூல் கிழக்கே போகாது. வடக்கே ஏறி, கிரீன்லாந்தின் மேலாகப் போய், 71 டிகிரி வட அட்சரேகையைத் தொட்டுவிட்டுத்தான் தெற்கே இறங்கும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது ஏதோ கோணல் வழி மாதிரித் தெரியும்.

தூரத்தை மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓர் அரைமணியைக் கூட்டினால் பறக்கும் நேரம் வந்துவிடும். அவ்வளவுதான் சூத்திரம். அந்த வழியில் விமானம் ஓடுகிறதா, நடுவில் எங்கே இறங்குகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நாட்டு வான்வெளி மூடியிருக்கிறது, இது எதுவும் அதற்குத் தெரியாது. டொராண்டோவிலிருந்து கோவைக்கு நேரடி விமானமே கிடையாது.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கோவைக்கு நேர்கோட்டில் லண்டன் 8,190, மெல்போர்ன் 8,880, சிட்னி 9,270, சிங்கப்பூர் 3,160, ஷார்ஜா 2,770 கிலோமீட்டர். எல்லாம் பத்து இருபது கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

இதில் ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியம். துபாய் வழியாக வருவது பெரிய சுற்று என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 13,390 கிலோமீட்டர். துபாயில் இறங்கி ஏறினால் 14,010. கூடுதல் 620 கிலோமீட்டர்தான், முக்கால் மணிப் பறப்பு. ஆகவே வழியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நேரத்தை விழுங்குவது நடுவில் காத்திருப்பதுதான்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக அடிக்கும் காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதற்கு வேகம் அதிகம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இங்கே வரும்போது அது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் திரும்புகிற பயணம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும். அப்புறம் வான்வெளி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு மேற்கு நாட்டு விமானங்கள் பல ரஷ்யாவின் மேலே பறப்பதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லிக்கு வரும் விமானங்கள் இதனால்தான் சுற்றிப் போகின்றன. பழைய பயண நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கத் திட்டம் போடாதீர்கள். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தை மட்டும் நம்புங்கள்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

டொராண்டோவில் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் ஞாயிறு விடிகாலை 4 மணிக்கு இறங்குவீர்கள். கடிகாரப்படி முப்பது மணி நேரம். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அதைக் கழித்தால் பத்தொன்பதரை. வளைகுடா வரை பன்னிரண்டரை, அங்கே காத்திருப்பு மூன்று, அங்கிருந்து சென்னைக்கு நான்கு. சரியாகப் போச்சா? கோடையில் வித்தியாசம் ஒன்பதரைதான், ஏனென்றால் அங்கே கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள், இங்கே அந்தப் பழக்கம் இல்லை. லண்டனுக்கு ஐந்தரை, கோடையில் நாலரை. மெல்போர்ன்காரர்கள் நம்மைவிட முன்னால் இருப்பதால் அவர்களுக்குக் கணக்கு தலைகீழ்.

இதில் எல்லோரும் தடுக்கி விழுவது தேதியில். சனிக்கிழமை முழுசாக ஆகாயத்திலேயே போய்விடும். "சனிக்கிழமை வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டு, சனிக்கிழமையே கோவையில் வண்டியோடு போய் நின்ற சித்தப்பா எங்கள் வீட்டில் உண்டு. டிரைவரிடம் சொல்லும்போது, இந்தியாவில் இறங்கும் கிழமையையும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடிகாலை 12.30 என்றால் 'சனி ராத்திரி, விடிஞ்சா ஞாயிறு' என்று விளக்கியே சொல்லுங்கள்.

எங்கே இறங்குவது

கோவை விமான நிலையம் பீளமேட்டில், ஊருக்குள்ளேயே இருக்கிறது. சின்னது, கூட்டம் குறைவு, பெட்டி சீக்கிரம் வரும். வெளிநாட்டிலிருந்து நேராக அங்கே வருவது சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி மாதிரி சில ஊர்களிலிருந்துதான். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு இது அதிர்ஷ்டம். மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் 6,030 கிலோமீட்டர், அங்கிருந்து கோவைக்கு நாலரை மணி நேரம். சென்னைப் பக்கமே போக வேண்டாம்.

கனடா, லண்டன்காரர்களுக்குச் சென்னையோ பெங்களூரோ டெல்லியோ ஒரு தடவை மாற வேண்டிவரும். டொராண்டோ – டெல்லி நேரடி விமானம் உண்டு, 11,640 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து கோவைக்கு மூன்று மணி நேரம். நல்ல வழிதான். ஆனால் நீங்கள் வருவது பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில். டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் டெல்லியில் மூடுபனி இறங்கினால் விமானங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த இரண்டு மாதத்துக்கு நான் சென்னையைத்தான் சொல்வேன்.

எங்கே மாறினாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். கோவைக்கே டேக் போட்டிருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. இதற்கு மூன்று மணி நேரம் வையுங்கள், வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் நாலு.

அக்கா சறுக்கியது இங்கேதான். விலை குறைவு என்று டொராண்டோ – சென்னை ஒரு டிக்கெட், சென்னை – கோவை வேறொரு கம்பெனியில் தனி டிக்கெட் என்று அத்தான் வாங்கியிருந்தார். விடிகாலை 4 மணிக்கு இறங்கி, 7 மணி விமானத்தைப் பிடிப்பதாகத் திட்டம். வந்தது அரைமணி தாமதம், இமிகிரேஷனில் ஒன்றேகால் மணி நேரம், ஒரு பெட்டி கடைசியாக வந்தது. 6.25-க்குக் கவுண்டரில் போய் நின்றால் "க்ளோஸ் பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். தனி டிக்கெட் என்பதால் அந்தப் பணம் போச்சு. அடுத்து இடம் கிடைத்தது மூன்று மணி விமானத்தில். அதற்கும் மேலே, வெளிநாட்டு டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு அனுமதி, உள்நாட்டில் 15 கிலோதான். ஆளுக்கு 31 கிலோ கூடுதல் என்று கணக்குப் போட்டு, கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். மிச்சம் பிடித்ததைப்போல இரண்டு மடங்கு போனது. ஒரே டிக்கெட்டாகக் கோவை வரை போட்டிருந்தால் விமானம் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டி எடையும் பெரும்பாலும் வெளிநாட்டுக் கணக்கிலேயே போகும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீடு என்றால் கோவையை மறந்துவிடலாம். கோழிக்கோடு விமான நிலையம் இருக்கும் கரிப்பூரிலிருந்து நிலம்பூர், நாடுகாணி வழியாகக் கூடலூர் நூறு கிலோமீட்டர் அளவுதான். கோவையில் இறங்கினால் ஊட்டி மலையை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வளைகுடாவிலிருந்து கரிப்பூருக்கு நேரடி விமானங்கள் நிறைய. பெங்களூர் வழியாக வருபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஒன்பது ஐந்துக்குப் போய்ச் சேர்ந்து கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

மின்விசாவில் வருபவர்களுக்குக் கோவை, கோழிக்கோடு, கொச்சி, சென்னை நான்கிலும் இறங்க அனுமதி உண்டு.

கடைசி எழுபது கிலோமீட்டர்

இப்போது நோட்டின் முக்கியமான பக்கத்துக்கு வருகிறேன். விமானத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ப மலைப் பயணத்தை வைத்துக்கொள்வது எல்லோருடைய பழக்கம். நான் சொல்வது மறுபக்கத்திலிருந்து. மலை அடிவாரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்தை மாலை 4 மணிக்குள் தாண்ட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கோவை விமான நிலையத்திலிருந்து துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை வழியாக மேட்டுப்பாளையம் நாற்பது கிலோமீட்டர். நெரிசலோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம். பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி. அப்படியானால் மதியம் ஒன்றே முக்காலுக்குள் கோவையில் இறங்கும் விமானம் வேண்டும். அதற்கு ஏற்ற சென்னை விமானம், அதற்கு ஏற்ற வெளிநாட்டு விமானம் என்று தேடினால், விலை நாற்பது ஐம்பது டாலர் கூடினாலும் பரவாயில்லை.

மாலையில் இறங்குகிறீர்களா? கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஒரு ராத்திரி தூங்கிவிட்டு, விடிந்து ஏறுங்கள். மலையில் பிறந்தவன் சொல்கிறேன், இருட்டில் காட் ரோடு அழகே இல்லை.

ஏன் 4 மணி? முதல் காரணம் பனி. வெயில் சாய்ந்ததும் கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனைக்கு மேலே மேகம் ரோட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் விளக்குப் போட்டாலும் பத்தடிக்கு மேல் தெரியாது. இரண்டாவது, ஆனை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், குன்னூர் 35. இரண்டு பாதையும் அடிவாரத்தில் காட்டுக்குள்ளேதான் போகின்றன. பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை, பர்லியார்ப் பக்கம் ஆனைகள் குட்டிகளோடு நடமாடும். அக்கா வந்த அன்றைக்கு நாங்கள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதே ஆறரை மணி. சீசன்கூட இல்லை. ஆனாலும் மூன்றாவது வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நின்றிருந்தன. என்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா மகள் தூக்கக் கலக்கத்தில் "ஆர் வி தேர்?" என்று கேட்டாள், டிரைவர் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படியே. அதுதான் நாற்பத்தொன்றின் கடைசித் துண்டு. ஹாரன் அடிப்பது, இறங்கிப் படம் எடுப்பது இரண்டும் கூடவே கூடாது.

உயரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர். மேட்டுப்பாளையம் 326, அதாவது அதுவரை ரோடு இறங்குகிறது. அங்கிருந்து 33 கிலோமீட்டரில் கோத்தகிரியின் 1,800 மீட்டருக்கு ஏறுகிறீர்கள். ஊட்டி 2,240. இந்த எண்களுக்கும் விமானத்துக்கும் ஒரு வேடிக்கையான சம்பந்தம் உண்டு. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 8,000 அடிக்கு, அதாவது 2,440 மீட்டர் உயரத்துக்கு உரியதாகவாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது ஊட்டிக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் நடுவில் எங்கேயோ. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புதிய விமானங்களில் 6,000 அடி, 1,830 மீட்டர். அது கிட்டத்தட்ட எங்கள் கோத்தகிரி. ஆக, டொராண்டோவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கோத்தகிரி உயரத்தில் உட்கார்ந்து வந்து, கீழே இறங்கி, மறுபடி கோத்தகிரிக்கு ஏறுகிறீர்கள். விமானத்தில் உப்பிய சிப்ஸ் பாக்கெட்டைப் பைக்குள் போட்டிருந்தால், கோவையில் தொய்ந்து, கோத்தகிரிக்குச் சற்று முன்னால் அரவேனு வரும்போது மறுபடி உப்பியிருப்பதைப் பார்க்கலாம். மூச்சுத் தொந்தரவோ இதயத் தொந்தரவோ உள்ள பெரியவர்கள் விமானம், மலை இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள். வாந்திக்கு எங்கள் ஊர் வைத்தியம் எலுமிச்சம்பழமும் முன் சீட்டும். மேட்டுப்பாளையத்தில் வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறுகிறவர்களை நான் தடுப்பதில்லை, பக்கத்தில் மட்டும் உட்காருவதில்லை. குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கோத்தகிரிப் பாதை கொஞ்சம் மென்மை. சீசனில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழியாக்கிவிடுவார்கள். உள்ளூர் வண்டியே வைத்தாலும் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இ-பாஸ் விஷயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி வைத்துப் பதியலாம், இந்திய மொபைல் நம்பர் வேண்டியதில்லை. நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் பாஸ் தேவையில்லை. அதனால் கோவையில் டாக்சி பிடிப்பதைவிட, மலையிலிருந்தே தெரிந்த வண்டியை வரச் சொல்வது நல்லது. அந்த டிரைவருக்குப் பனியும் தெரியும், ஆனையும் தெரியும். விமான நிலையத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே காலி செய்துவிடுங்கள். மலையில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஸ்டீல் பாட்டில் ஒன்று கையில் இருந்தால் பிரச்சினையே இல்லை.

மலை ரயிலைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் ஊட்டி போய்ச் சேர்ந்தது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பி, 46 கிலோமீட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் ஏறும். இறங்கும்போது மூன்றரை மணிச் சொச்சம். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிந்து இதைப் பிடிக்கலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வந்த அன்றே, நாலு பெரிய பெட்டியோடு, இரண்டு நாள் தூங்காத பிள்ளைகளோடு இதில் ஏறாதீர்கள். பெட்டி வைக்க இடம் கிடையாது, ஹில்குரோவ் ஸ்டேஷன் வரும்போது எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்து, கைவீசிக்கொண்டு ஒருநாள் போய்வாருங்கள். டிக்கெட்டை மட்டும் விமான டிக்கெட் எடுக்கும் அன்றே யோசிக்க ஆரம்பியுங்கள்.

எப்போது வருவது

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அப்போது கோத்தகிரியில் தூறலோடு போய்விடும். அக்டோபர், நவம்பரில் மாறிவிடும். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடிக்கும், மண் சரியும், காட் ரோடும் ரயிலும் நிற்கும். 2009 நவம்பரில் நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. தீபாவளிக்கு வருவதானால் கையில் இரண்டு நாள் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி நல்ல காலம். வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். விடிகாலையில் ஊட்டி தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கனடாக்காரர்கள் "இதென்ன குளிர்" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்குள் ஹீட்டர் கிடையாது என்பது அன்று ராத்திரிதான் உறைக்கும்.

நீங்கள் ஊருக்கு வருவதைத் தாயகம் வருவது என்பீர்கள். அந்தத் 'தாயகம்' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் வேறொரு பழக்கமும் உண்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை அரசு ஏட்டில் 'தாயகம் திரும்பியோர்' என்றுதான் எழுதுவார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன. எங்கள் அப்பா அப்படி வந்தவர். கண்டியிலிருந்து கோத்தகிரி நேர்கோட்டில் 620 கிலோமீட்டர், விமானமென்றால் ஒரு மணி நேரச் சொச்சம். அவருக்கு ரயில், தலைமன்னார்க் கப்பல், மண்டபம் முகாம், மறுபடி ரயில், லாரி என்று பதினொரு நாள் ஆனது. அக்கா நாற்பத்தொரு மணி நேரத்தைச் சொல்லிப் புலம்பியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

வந்த முதல் நாலைந்து நாள் உங்களுக்கு ராத்திரி இரண்டரைக்கு முழிப்பு வரும். பத்தரை மணி நேர வித்தியாசத்துக்கு அதுதான் வழக்கம். சண்டை போடாதீர்கள். மதியம் தூங்காமல் வெயிலில் நடந்தால் சீக்கிரம் சரியாகும். இருட்டில் வாசலைத் திறந்து வெளியே போக மட்டும் வேண்டாம். தேயிலைக் காட்டு ஓரத்தில் காட்டுமாடு நிற்கும், கரடியும் வரும். அடுப்படியில் விளக்கைப் போட்டு பிளேன்டீ ஊற்றிக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது எழுந்து வந்துவிடுவார்கள்.

திரும்பும்போதும் அதே கணக்கு, தலைகீழாக. சென்னையில் விடிகாலை விமானம் என்றால் முந்தின நாள் காலையிலேயே மலை இறங்கிவிடுங்கள். தேயிலைத்தூள், வர்க்கி எல்லாம் பெட்டியில் போகும். வர்க்கியை மேலாக வையுங்கள், இல்லாவிட்டால் டொராண்டோவில் மாவுதான் மிஞ்சும். நீலகிரித் தைலம் எரியக்கூடிய எண்ணெய். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில் வைக்கவும் கம்பெனியைக் கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவருக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு போன் போடுங்கள். எங்கள் டிரைவர் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பெட்டி எத்தனை?"